புது பேட்டரி போட்டும் கார் மக்கர் பண்ணுதா? ஆல்டர்னேட்டரைக் கவனிங்க!

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ‘பேட்டரி போயிடுச்சு சார்’ என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். உடனே கடைக்கு போன் போகும். அரை மணி நேரத்தில் ஆள் வந்து பழைய பேட்டரியைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுப் போவார். வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். எலுமிச்சம்பழம் நசுக்கி, பிரச்னை தீர்ந்தது என்று வீடே நிம்மதி ஆகும்.

நாலாவது நாள், அதே ‘டிக்... டிக்...’

இப்போது கடைக்காரர் மீது கோபம் வரும். ‘டூப்ளிகேட் பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான்’ என்று சண்டைக்கும் போவோம். ஆனால், பல நேரங்களில் புது பேட்டரி மீது தப்பே இருக்காது. பழைய பேட்டரி மீதும்கூட இருந்திருக்காது. அதற்குச் சாப்பாடு போட வேண்டிய ஆள் படுத்துவிட்டார். அவர் பெயர்தான் ஆல்டர்னேட்டர்.

பேட்டரி உண்டியல்... ஆல்டர்னேட்டர் சம்பளம்!

காரில் ஓடும் எல்லா மின்சாரமும் பேட்டரியிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பேட்டரியின் பெரிய வேலை, இன்ஜினை எழுப்பும் அந்த ஒன்றிரண்டு விநாடிகள்தான். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஹெட்லைட், வைப்பர், ஏசி ஃபேன், பாட்டு, பெட்ரோல் பம்ப், இன்ஜினின் கம்ப்யூட்டர் என அனைத்துக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். ஸ்டார்ட் செய்தபோது செலவானதைப் பேட்டரிக்குத் திருப்பிக் கட்டுவதும் அதுவே.

வீட்டுக் கணக்கில் சொன்னால், பேட்டரி என்பது உண்டியல்; ஆல்டர்னேட்டர் என்பது மாதச் சம்பளம். சம்பளம் நின்றுபோன வீட்டில் உண்டியலை மட்டும் மாற்றி என்ன பயன்?

இன்ஜினின் முன்பக்கம், பெல்ட் ஓடும் இடத்தில், காற்றுப்போக வரி வரியாகத் திறப்பு வைத்த ஓர் உருண்டையான அலுமினியப் பெட்டி தெரியும். அதுதான் ஆல்டர்னேட்டர். நம் ஊர் மெக்கானிக்குகளில் பலர் அதை இன்னமும் ‘டைனமோ’ என்றே சொல்வார்கள். அதற்கும் காரணம் உண்டு. பழைய அம்பாசடர் கார்களில் இருந்தது நிஜமாகவே டைனமோதான். இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ தரும் மின்சாரம் குறைந்துவிடும். சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஐடிலிங்கிலும் சார்ஜ் ஏற்றக்கூடிய ஆல்டர்னேட்டர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. பொருள் மாறிவிட்டது; பேச்சில் பழைய பெயர் தங்கிவிட்டது.

சென்னைக்கு இந்தச் சாமானோடு நெருங்கிய உறவு உண்டு. 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ், வாகனங்களுக்கான ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் நிறுவனம். பாடி பக்கம் வழி சொல்பவர்கள் ‘லூகாஸ்கிட்ட’ என்று சொல்வது இதை வைத்துத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடேயை நினைவிருக்கிறதா? செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் மாறினால், கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் அவர் கண்டுபிடித்தார். ஆல்டர்னேட்டர் செய்வது அதேதான். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் வழியாக இதன் புல்லியும் சுற்றும். புல்லி சிறியது என்பதால், இன்ஜினைப்போல இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் சுழலும். நடுவில் சுழலும் பகுதி மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் உண்டாகும்.

அப்படி உண்டாவது, நம் வீட்டு மின்சாரம் மாதிரி திசை மாறி மாறி ஓடும் ஏசி. பேட்டரிக்கு வேண்டியதோ டிசி. அதை மாற்றிக் கொடுப்பவை டயோடுகள். இன்ஜின் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். சுழலும் காந்தத்துக்கு மின்சாரம் கொண்டு செல்பவை இரண்டு சின்னக் கார்பன் பிரஷ்கள். தடதடக்காமல் சுழல முன்னும் பின்னும் பேரிங்குகள்.

ஆல்டர்னேட்டர் ‘போச்சு’ என்றால், பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றுதான் போயிருக்கும். முழுப் பெட்டியும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. செலவுக் கணக்கு வரும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

வண்டி முன்கூட்டியே சொல்லும்!

ஆல்டர்னேட்டர் ஒரே நாளில் உயிரை விடுவது குறைவு. பல நாள்கள் முனகிவிட்டுத்தான் படுக்கும்.

முதல் அறிகுறி, டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பேட்டரி விளக்கு. சாவியை ஆன் செய்ததும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால், அது பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லவில்லை. சார்ஜ் ஏறவில்லை என்று சொல்கிறது. பேட்டரி படம் போட்டிருப்பதால் வந்த குழப்பம் இது. சாவியை ஆன் செய்யும்போது அந்த விளக்கு எரியவே இல்லையென்றாலும் சோதிக்க வேண்டும்.

ஹெட்லைட் ஐடிலிங்கில் மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசமாவது இரண்டாவது அறிகுறி. ‘கீய்ங்’ என்ற சத்தம் மூன்றாவது. ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் மட்டும் கீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. வேகத்தோடு கூடிக் குறையும் உறுமல் என்றால் பேரிங்காக இருக்கலாம். ரப்பர் கருகும் வாடையோ, ஒயர் தீயும் வாடையோ வந்தால் உடனே நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ரெகுலேட்டர் கெட்டு, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுவது. பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போகும். பேட்டரி சூடாகி உப்பும். அழுகிய முட்டை நாற்றம் வரும். பட்டினியைவிட இது ஆபத்து. பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். அந்த நேரத்தில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதோ, பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைப்பதோ கூடவே கூடாது.

ஐந்து நிமிட சோதனை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, உங்கள் ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலோ, ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். கார் வைத்திருக்கும் வீட்டில் ஸ்டெப்னி மாதிரி அதுவும் இருக்க வேண்டிய பொருள்.

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 வோல்ட் அருகில் இருந்தால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2-க்குக் கீழே இருந்தால் பசியில் இருக்கிறது.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இப்போது ஹெட்லைட், ஏசி ஃபேன் இரண்டையும் முழுதாகப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்காமல் நின்றால் நல்லது. ஓடும் இன்ஜினில் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால், சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க, சார்ஜ் ஏற்றுவதை இன்ஜினின் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அவற்றில் மீட்டர் ஒரு நிமிடம் 12.8 காட்டிவிட்டு, பிறகு 14-க்குப் போகும். உடனே ஆல்டர்னேட்டர் மீது பழி போட்டுவிடக் கூடாது. ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்ட வேண்டும்.

மீட்டரே இல்லையா? இன்னொரு கார் துணையில் ஜம்ப் ஸ்டார்ட் செய்த பிறகு நடப்பதைக் கவனியுங்கள். கேபிளை எடுத்துச் சிறிது நேரத்திலேயே இன்ஜின் திணறி நின்றால், சந்தேகம் ஆல்டர்னேட்டர் மீது. நன்றாக ஓடிவிட்டு, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மக்கர் செய்தால், சந்தேகம் பேட்டரி மீது.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிக் காட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது தப்பித்தது. இன்றைய கார்களில் அப்படிப் பிடுங்கினால் வோல்டேஜ் ஒரே பாய்ச்சலாக எகிறி, இன்ஜின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். யாராவது கை வைத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். ‘வேண்டாம் அண்ணே, மீட்டர் வெச்சுப் பாருங்க’ என்ற ஒரு வார்த்தை பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

ராத்திரி ஹைவேயில் விளக்கு எரிந்தால்?

குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, நெடுஞ்சாலை நடுவே அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது. என்ன செய்வது?

முதலில் டெம்பரேச்சரைப் பாருங்கள். சில கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் இன்ஜின் கொதிக்கும். பேட்டரி விளக்கோடு டெம்பரேச்சரும் ஏறினால், அடுத்த நிமிடமே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். பேராசைப்பட்டு ஓட்டினால் சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டியது இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

டெம்பரேச்சர் சரியாக இருந்தால், அந்த நொடியிலிருந்து வண்டி பேட்டரியில் மட்டும் ஓடுகிறது என்று அர்த்தம். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தால், காகிதக் கணக்கில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வருவதால் நடைமுறையில் அதற்கு வெகு முன்பே வண்டி நின்றுவிடும்.

எனவே ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஹெட்லைட்டை மட்டும் அணைக்காதீர்கள். மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல. டீ குடிக்க நிறுத்தினாலும் இன்ஜினை ஆஃப் செய்யாதீர்கள். மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க்கோ, ஊரோ வந்ததும் ஒதுங்குங்கள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் ஸ்டீயரிங் திடீரென்று கனக்கலாம் என்பதால், வேகத்தைக் குறைத்து இடது ஓரமாகவே போவது நல்லது. ‘இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போயிடலாம்’ என்ற ஆசைதான் லாரிகள் பறக்கும் இருட்டுச் சாலையில், பார்க்கிங் விளக்குகூட எரியாத காரில் குழந்தைகளோடு உட்கார வைக்கும்.

ரிப்பேரா... ரீகண்டிஷனா... புதுசா?

ஆல்டர்னேட்டரில் கை வைப்பதற்கு முன் பெல்ட், டெர்மினல், எர்த் ஒயர், ஃபியூஸ் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை பூத்த ஒரு டெர்மினலைச் சுரண்டி முறுக்கியதிலேயே குணமான கார்கள் நிறைய.

குறை ஆல்டர்னேட்டரில்தான் என்று உறுதியானால், மூன்று வழிகள். பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் போன்றவை மட்டும் தேய்ந்திருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அவற்றை மாற்றிக் கொடுப்பார். செலவு குறைவு. உள்ளே செம்புச் சுருள் கருகியிருந்தால் காயில் கட்டலாம். ஆனால் கட்டுபவர் கையைப் பொறுத்துத்தான் ஆயுள். சுழலும் பகுதியோ, வெளிக்கூடோ சேதமாகியிருந்தால் புதிது வாங்குவதே மேல்.

நடுவில் இருப்பது ரீகண்டிஷன் செய்தது. சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் எல்லா ரகமும் கிடைக்கும். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கிய பழசும் அதில் இருக்கும். பெஞ்சில் ஓட்டி வோல்டேஜ் காட்டுவாரா, பில் போட்டு வாரன்ட்டி எழுதித் தருவாரா என்ற இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் மட்டும் வாங்கலாம்.

எது வாங்கினாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கட்டாயம். போல்ட் மாட்டும் காதுகள், பிளக், புல்லியில் உள்ள வரிகளின் எண்ணிக்கை, ஆம்பியர் அளவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 90 ஆம்பியர் இருந்த இடத்தில் 65 ஆம்பியர் மாட்டினால் பகலில் தெரியாது. மழை பெய்யும் இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓடும்போது தெரியும். டீசல் கார்கள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சுற்றும் விசேஷப் புல்லி இருக்கும். அதற்குப் பதில் சாதாரணப் புல்லி போட்டால் பெல்ட் துடித்துச் சீக்கிரம் பாழாகும்.

மாற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும்?

நீங்களே செய்தாலும், பக்கத்தில் நின்று பார்த்தாலும், வரிசை இதுதான். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மோதிரம், காப்பு, கைச்சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுவது. இதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டரில் ஸ்பேனர் வைத்தால் தீப்பொறி பறக்கும், ஏனென்றால் அதன் பின்னால் உள்ள தடித்த ஒயர் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக வருவது. அடுத்து பெல்ட் போகும் பாதையை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றி, பிளக்கை உருவி, தடித்த ஒயரின் நட்டைக் கழற்றி, கடைசியாகப் போல்ட்டுகளை எடுத்தால் ஆல்டர்னேட்டர் கைக்கு வந்துவிடும். சில கார்களில் இது ஒரு மணி நேர வேலை. சிலவற்றில் அடியில் படுத்து, வேறு நாலு சாமான்களைக் கழற்றினால்தான் கையே நுழையும்.

பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் இதே கையோடு புதியது போட்டுவிடுவது லாபம். கூலி தனியாக ஆகாது. மாட்டுவது அப்படியே தலைகீழ் வரிசை. மைனஸ் டெர்மினல் கடைசியில். பெல்ட்டை கையால் முறுக்கம் வைக்கும் கார்களில், நீளமான பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். தொய்ந்தால் வழுக்கும். வீணைத் தந்திபோல் விறைத்தால், போட்ட புதுப் பேரிங் சில மாதங்களில் போய்விடும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். காலியாகிக் கிடக்கும் பேட்டரியோடு புது ஆல்டர்னேட்டரை ஓடவிடக் கூடாது. அது பேட்டரியைச் சார்ஜில் வைத்துக் காப்பாற்றும் கருவி. செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் சார்ஜர் அல்ல. முழு பலத்தோடு மணிக்கணக்கில் ஓடிச் சூடாகி, வந்த வேகத்தில் அதுவும் படுத்துவிடலாம். பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றி மாட்டிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிளஸ், மைனஸை ஒரு விநாடி மாற்றி வைத்தாலும் புது டயோடுகள் கருகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் மீட்டரை வைத்து, மேலே சொன்ன அளவுகள் வருகின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பெல்ட் ஓடும்போது துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, பின்னல் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், பில்லில் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

யார் கை வைக்கக் கூடாது?

பெல்ட் மூலமே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் மைல்டு ஹைபிரிட் கார்களில், ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒரே கருவி. அதற்குத் தனிச் சோதனை முறை, தனி விலை. நிறுவன சர்வீஸ் சென்டரில் காட்டுவதே சரி. ஸ்ட்ராங் ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆல்டர்னேட்டர் இருக்காது. பெரிய பேட்டரியிலிருந்து வோல்டேஜைக் குறைத்துச் சின்ன பேட்டரிக்கு அனுப்பும் கன்வெர்ட்டர் இருக்கும். அங்கே ஓடுவது உயிரை எடுக்கும் வோல்டேஜ். ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. பல கார்களில் ஆல்டர்னேட்டர் இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. முட்டளவுத் தண்ணீர் போதும், அது முழுகிவிடும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்களை வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே புகுந்த சேறு பிரஷ்ஷையும் பேரிங்கையும் மெதுவாக அரித்து, தண்ணீர் வடிந்து பல வாரங்கள் கழித்துக் காலை வாரும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள், பாட்டு சிஸ்டத்தையும் சீட் கவரையும் பார்ப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு காரைக் கழுவும்போது, கூடவே ஐந்து நிமிடம் இதற்கும் ஒதுக்குங்கள். நிற்கும்போது ஒரு ரீடிங், ஓடும்போது ஒரு ரீடிங். தேதி போட்டு மொபைலில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால், ஆல்டர்னேட்டர் முனகத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். அப்புறம் ‘பேட்டரி போயிடுச்சு சார்’ என்று யார் சொன்னாலும், ‘காலையில ஓடும்போது 14.2 இருந்துச்சே’ என்று நீங்கள் பதில் சொல்லலாம்!